பேஸ்பால் ஜாம்பவான்களின் சாதனைப் பக்கத்தை வாசிப்பது எப்படி?

பேஸ்பாலில் அதிக ஹோம் ரன் அடித்தவர் யார் என்று விசாரித்தால் நான்கு பெயர்கள் வரும். பேப் ரூத் 714, ஹாங்க் ஆரோன் 755, பாரி பாண்ட்ஸ் 762, ஜப்பானின் சடஹாரு ஓ 868. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஓதான் முதலிடம். அமெரிக்க மேஜர் லீக்கின் ஏட்டில் பாண்ட்ஸ் முதலிடம். ஆனால் பாண்ட்ஸுக்கு, ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இன்றுவரை இடம் கிடைக்கவில்லை. ஆரோனின் 755-தான் உண்மையான சாதனை என்று அடித்துச் சொல்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். ரூத்துக்கு நிகர் யாருமே இல்லை என்பவர்களும் ஏராளம். நால்வரையும் பற்றிய எல்லா எண்களும் கையிலிருந்தும் வாதம் தீராமல் போவதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்பிப்போகிறார்கள்.

ஆட்டத்தின் விதிகள் ஓரளவு பிடிபட்டு, பழைய ஜாம்பவான்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நூறு பேரின் சாதனைகளை வரிசையாக அடுக்குவதில் பயனில்லை. ஒரே ஒருவரின் பக்கத்தை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஒழுங்காக வாசித்துப் பழகிவிட்டால், மற்றவர்களின் பக்கங்களை நீங்களே வாசித்துக்கொள்ளலாம். நான் பரிந்துரைப்பது டெட் வில்லியம்ஸ். 1939 முதல் 1960 வரை பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக மட்டுமே ஆடியவர். பிறகு நான்கு ஆண்டுகள் மேனேஜராகவும் இருந்தார். ஆட்டக்காரரின் கணக்கு, மேனேஜரின் கணக்கு இரண்டையும் ஒரே மனிதரிடம் பார்த்துவிடலாம். பேஸ்பால் ரெஃபரன்ஸ் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடித் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் ஒரே ஒரு வரி

பக்கத்தில் ஓர் ஆண்டுக்கு ஒரு வரி இருக்கும். 1941-ஐத் தேடுங்கள். இடமிருந்து வலமாக முக்கியமான எண்கள் இவை: 143 ஆட்டம், 606 பிஏ, 456 ஏபி, 185 ஹிட், 37 ஹோம் ரன், 147 வாக், 27 ஸ்டிரைக் அவுட்.

பிஏ, ஏபி இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பேட்டர் எத்தனை முறை பிளேட்டுக்கு வந்தார் என்பது பிஏ. அதில் வாக் (நான்கு தவறான பந்துகளுக்குப் பிறகு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கியது, பந்து உடம்பில் பட்டுப் பேஸுக்குப் போனது போன்றவற்றைக் கழித்தால் ஏபி. பேட்டிங் சராசரி என்பது ஹிட்டை ஏபியால் வகுத்து வருவது. 185-ஐ 456-ஆல் வகுத்தால் .4057. அதை .406 என்று எழுதுவார்கள். கிரிக்கெட் சராசரிபோல அவுட்டுக்கு எத்தனை ரன் என்ற கணக்கு இதில் இல்லை. பத்து முறையில் மூன்று முறை ஹிட் அடித்தாலே, அதாவது .300 இருந்தாலே, நல்ல பேட்டர். நான்கு முறை அடித்தவர் வில்லியம்ஸ். அதற்குப் பிறகு, இன்றைய மேஜர் லீகின் இரு பாதிகளான அமெரிக்கன் லீகிலும் நேஷனல் லீகிலும் ஒரு முழு சீசனில் .400-ஐத் தொட்டவர் யாரும் இல்லை.

இந்த .406-க்குப் பின்னால் இருக்கும் கடைசி நாளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 1941 செப்டம்பர் 28. பிலடெல்ஃபியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். காலையில் அவர் கணக்கு 448 ஏபியில் 179 ஹிட். வகுத்துப் பாருங்கள், .39955 வரும். மூன்று தசம இடத்துக்கு முழுமையாக்கினால் .400. அன்று ஆடாமல் உட்கார்ந்துவிட்டால் ஏட்டில் .400 என்று பதிவாகிவிடும். வேண்டுமானால் ஓய்வெடுத்துக்கொள் என்று மேனேஜர் ஜோ க்ரோனினும் சொல்லிப்பார்த்தார். வில்லியம்ஸ் மறுத்துவிட்டு இரண்டு ஆட்டமும் ஆடினார். எட்டு ஏபியில் ஆறு ஹிட். 179 கூட்டல் 6 சமம் 185. 448 கூட்டல் 8 சமம் 456. ஒரு வரியில் இருக்கும் இரண்டு எண்களுக்குள் ஒரு முழு நாளின் துணிச்சல் அடங்கியிருக்கிறது என்று தெரிந்த பிறகு, இந்தப் பக்கங்களை வெறும் அட்டவணையாகப் பார்க்க முடியவில்லை.

இன்னொரு விஷயம். சாக்ரிஃபைஸ் ஃப்ளை, அதாவது தான் அவுட் ஆனாலும் மூன்றாம் பேஸில் நிற்பவர் ஓடிவந்து ரன் எடுக்க உதவும் உயர்ந்த அடி, இன்றைய விதிப்படி ஏபியில் சேராது. 1941-இல் சேர்ந்தது. இன்றைய விதியில் ஆடியிருந்தால் அவர் சராசரி இன்னும் கூடியிருக்கும். ஒரே பெயருள்ள எண்ணாக இருந்தாலும் அதன் விதி ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கலாம் என்பதை இப்போதே மனதில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சாய்கோடு போட்ட மூன்று எண்கள்

பேஸ்பால் கட்டுரைகளில் .344/.482/.634 என்று மூன்று எண்கள் சேர்ந்து வரும். இது வில்லியம்ஸின் மொத்த ஆட்டவாழ்வின் கணக்கு. முதலாவது பேட்டிங் சராசரி. இரண்டாவது ஆன்-பேஸ் சதவீதம். ஹிட், வாக், உடம்பில் பட்ட பந்து என எந்த வழியிலாவது அவுட் ஆகாமல் பேஸுக்குப் போன விகிதம் அது. மூன்றாவது ஸ்லகிங். ஓர் ஏபிக்கு எத்தனை பேஸ் சம்பாதித்தார் என்பதைச் சொல்லும். ஹோம் ரன்னுக்கு நான்கு, டபிளுக்கு இரண்டு என்று கூட்டி ஏபியால் வகுப்பார்கள்.

மூன்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் நடுவில் இருப்பதைப் பாருங்கள். ஓர் அணிக்கு ஓர் இன்னிங்ஸில் மூன்று அவுட்தான். அந்த அவுட்டைக் கொடுக்காமல் இருப்பவரே அணிக்கு அதிகம் உதவுகிறார். வில்லியம்ஸ் 1941-இல் 606 முறை பிளேட்டுக்கு வந்து 335 முறை பேஸுக்குப் போனார். .553. பாதிக்கு மேல்! மொத்த ஆட்டவாழ்விலும் .482 என்ற ஆன்-பேஸ் சதவீதத்தில் அவரை யாரும் தாண்டவில்லை. பழைய செய்தித்தாள்கள் சராசரியை மட்டுமே தலைப்பில் போட்டன. அதனாலேயே வாக் வாங்குவதில் கெட்டிக்காரர்களான பலருக்கு ஆடிய காலத்தில் உரிய பெயர் கிடைக்கவில்லை.

அட்டவணையில் சில எண்கள் தடித்த எழுத்தில் இருக்கும். அந்த ஆண்டு லீகிலேயே அவர்தான் முதலிடம் என்று பொருள். வில்லியம்ஸின் பக்கத்தை ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். தடித்த எழுத்து இல்லாத ஆண்டு அபூர்வம். ஒரு வீரர் தன் காலத்தில் எவ்வளவு ஓங்கி நின்றார் என்று பத்து வினாடியில் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டு

1920-இல் பேப் ரூத் 54 ஹோம் ரன் அடித்தார். இன்றைய சீசன்களில் 54 அடித்தால் பெரிய சாதனைதான், ஆனாலும் அதிர்ச்சி இல்லை. அந்த ஆண்டு இரண்டாவது இடத்தில் இருந்த ஜார்ஜ் சிஸ்லர் அடித்தது 19. அமெரிக்கன் லீகின் மற்ற ஏழு அணிகளில் ஓர் அணிகூட மொத்தமாக 54 அடிக்கவில்லை. ஒற்றை மனிதர் ஓர் அணியைவிட அதிகம் அடித்திருக்கிறார். 714 என்ற எண்ணால் இதைச் சொல்ல முடியாது. 1920-இன் லீக் பட்டியலை அருகில் வைத்தால்தான் தெரியும்.

காலத்தைச் சமன்செய்து பார்க்க ஒரு கருவி இருக்கிறது. பேட்டருக்கு ஓபிஎஸ் பிளஸ் (ஆன்-பேஸையும் ஸ்லகிங்கையும் கூட்டியதுதான் ஓபிஎஸ்), பிட்சருக்கு ஈஆர்ஏ பிளஸ். அந்தந்த ஆண்டின் லீக் சராசரியை 100 என்று வைத்து, மைதானத்தின் தன்மையையும் கணக்கில் சேர்த்து, வீரர் எவ்வளவு மேலே நிற்கிறார் என்று சொல்வது. ரூத்தின் மொத்த ஓபிஎஸ் பிளஸ் 206, வில்லியம்ஸுடையது 191. மைதானம் என்று சொல்வது சும்மா இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேல் இருக்கும் டென்வரில், மெல்லிய காற்றில் பந்து தூரம் பறக்கும். அங்கே சொந்த மைதானம் வைத்திருந்த லாரி வாக்கர் அதே காரணத்துக்காகவே வாக்காளர்களால் ஆண்டுக்கணக்கில் சந்தேகிக்கப்பட்டு, கடைசி வாய்ப்பான 2020-இல்தான் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார்.

பிட்சர்களில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. ஈஆர்ஏ என்பது ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் தன் பொறுப்பில் விட்டுக்கொடுத்த ரன். குறைந்தால் நல்லது. 1968-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பாப் கிப்சன் 304.2 இன்னிங்ஸில் தன் பொறுப்பில் 38 ரன் மட்டும் விட்டுக்கொடுத்தார். இந்த 304.2-ஐத் தசமமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புள்ளிக்குப் பின்னால் இருப்பது அவுட் எண்ணிக்கை. 304 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. 38-ஐ ஒன்பதால் பெருக்கி 304.67-ஆல் வகுத்தால் 1.12. அசுரத்தனமான எண்.

ஆனால் 1968 பிட்சர்களின் ஆண்டு. அமெரிக்கன் லீகில் பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடித்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அடித்ததே .301. அந்த லீகில் .300-ஐத் தொட்டவர் அவர் ஒருவர்தான். நிலைமை கைமீறிப் போனதால் 1969-இல் பிட்சர் நின்று எறியும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். ஸ்டிரைக் எல்லையையும் சுருக்கினார்கள்.

இப்போது 2000-ஆம் ஆண்டுக்கு வாருங்கள். பந்து மைதானத்தை விட்டுப் பறந்துகொண்டே இருந்த காலம். ரெட் சாக்ஸின் பெட்ரோ மார்ட்டினெஸ் 217 இன்னிங்ஸில் தன் பொறுப்பில் 42 ரன் விட்டுக்கொடுத்தார், ஈஆர்ஏ 1.74. அமெரிக்கன் லீகில் அவருக்கு அடுத்து வந்த ராஜர் கிளெமென்ஸின் ஈஆர்ஏ 3.70! இருமடங்குக்கும் மேல். ஈஆர்ஏ பிளஸ்ஸில் கிப்சனின் 1968 சீசன் 258, பெட்ரோவின் 2000 சீசன் 291. பெட்ரோவின் சீசன்தான் பெரிது என்பது என் கட்சி. ஆனால் கிப்சன் எறிந்தது 87 இன்னிங்ஸ் அதிகம், அதுவும் அணிக்கு ஒரு செல்வம்தானே என்று நீங்கள் வாதாடினால் அதிலும் நியாயம் இருக்கிறது.

பிட்சரின் வெற்றி யாருடைய வெற்றி?

சை யங்கின் 511 வெற்றிகளை யாரும் எட்டப்போவதில்லை. அதிகத் தோல்விகளின் பட்டியலிலும் அவரே முதலிடம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1890 முதல் 1911 வரை ஆடிய அவர் 749 ஆட்டங்களைத் தொடங்கித் தானே முடித்தும் வைத்தவர். இன்று ஐந்து நாளுக்கு ஒருமுறை ஐந்தாறு இன்னிங்ஸ் எறிந்துவிட்டு உட்காரும் பிட்சரோடு இந்த எண்ணை ஒப்பிடுவதற்கில்லை.

வெற்றி, தோல்வி பத்தியை நம்பி ஒரு பிட்சரை எடைபோடாதீர்கள். 1.12 ஈஆர்ஏ வைத்திருந்த கிப்சனே 1968-இல் ஒன்பது ஆட்டம் தோற்றார். தன் அணி ரன் எடுக்காவிட்டால் அவர் என்ன செய்வார்? 2018-இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றி, 9 தோல்வி, ஈஆர்ஏ 1.70. முப்பது ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் அந்தப் பத்து வெற்றியைப் பார்த்தே வாக்காளர்கள் ஒதுக்கியிருப்பார்கள். 2018-இல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குக் கிடைத்தது. வாக்களிப்பவர்களும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

வார் என்று ஓர் எண் பக்கத்தின் மேலேயே இருக்கும். பெஞ்சிலிருந்தோ கீழ் லீகிலிருந்தோ எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று ஆட்டக்காரரோடு ஒப்பிட்டால் இவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகக் கொடுத்தார் என்ற மதிப்பீடு. ஒரு சீசனுக்கு 2 என்றால் சாதாரண ஆட்டக்காரர், 5 என்றால் நட்சத்திரம், 8-க்கு மேல் என்றால் லீகின் சிறந்த வீரர் விருதுக்குரியவர். மதிப்பீடு என்பதால் இணையதளத்துக்கு இணையதளம் கொஞ்சம் மாறும். அரைப் புள்ளி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

விடுபட்ட ஆண்டுகளை வாசிப்பது

அட்டவணையில் இருப்பதைப் படிக்க யாராலும் முடியும். இல்லாததைப் படிப்பதுதான் கடினம். பேஸ்பால் வரலாற்றில் மிக முக்கியமானவை அந்தக் காலி இடங்களில்தான் கிடக்கின்றன.

வில்லியம்ஸின் பக்கத்தில் 1942-இன் எண்களுக்கு அடுத்து 1946-இன் எண்கள்தான் வரும். இடையில் மூன்று ஆண்டுகளுக்கு எண்களே இல்லை. இரண்டாம் உலகப் போரில் கடற்படை, மரைன் படைப்பிரிவுகளின் விமானியாகப் பயிற்சியிலும் பயிற்சி கொடுப்பதிலும் கழிந்தன. ஒரு பேட்டரின் உடல் உச்சத்தில் இருக்கும் இருபத்தைந்து வயதை ஒட்டிய ஆண்டுகள் அவை. இன்னும் கீழே போனால் 1952-இல் 6 ஆட்டம், 1953-இல் 37 ஆட்டம் என்று இருக்கும். கொரியப் போருக்கு மீண்டும் அழைத்துவிட்டார்கள். அங்கே 39 முறை போர்விமானம் ஓட்டினார். ஒருமுறை அடிபட்டு எரிந்த விமானத்தைச் சக்கரமில்லாமல் தரையிறக்கி உயிர்தப்பினார். ஏறக்குறைய ஐந்து சீசன் போக மிச்சமிருந்த காலத்தில் அடித்ததுதான் அந்த 521 ஹோம் ரன். அந்த ஐந்தும் இருந்திருந்தால் எத்தனை ஆகியிருக்கும் என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஏட்டில் ஏற்ற முடியாது, ஆனால் ஏட்டை வாசிக்கும்போது மறக்கவும் கூடாது.

வில்லியம்ஸுக்காவது போர்தான் தடை. ஜாஷ் கிப்சனுக்குத் தோலின் நிறம் தடை. மேஜர் லீக் அணிகள் கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் நீக்ரோ லீக்குகளில் ஆடிய கேட்சர் அவர். 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்லின் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கினார். கிப்சனுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை.

2020 டிசம்பரில் நீக்ரோ லீக்குகளையும் மேஜர் லீக்காக அங்கீகரித்தார்கள். 2024 மே மாதம் 1920 முதல் 1948 வரையிலான அவற்றின் கணக்குகள் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்ந்தன. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காபின் .367 மொத்தச் சராசரி இரண்டாம் இடத்துக்கு இறங்கி, கிப்சனின் .372 மேலே வந்தது. ஒரு சீசன் சராசரியிலும் 1943-இல் அவர் அடித்த .466 முதலிடம். பழைய புத்தகத்தில் ஒரு பெயரும் புதிய பக்கத்தில் வேறொரு பெயரும் இருப்பதைப் பார்த்துத் திகைக்காதீர்கள். ஏதாவது பட்டியலை எடுத்தால் அது 2024-க்கு முந்தையதா பிந்தையதா என்று முதலில் பாருங்கள். நீக்ரோ லீக் சீசன்களில் அதிகாரபூர்வ ஆட்டங்கள் குறைவு என்பதால் இந்த ஒப்பீடு செல்லாது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டங்கள் குறைந்ததற்கும் பதிவுகள் சிதறிப்போனதற்கும் அந்த வீரர்களை வெளியே நிறுத்திய விளையாட்டே பொறுப்பு. அந்தக் குறையை மறுபடியும் அவர்கள் தலையிலேயே கட்டுவது நியாயமாகப் படவில்லை.

ராபின்சனின் பக்கத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். டாட்ஜர்ஸுக்காக ஆடியது பத்து சீசன்கள்தான். மொத்த எண்கள் சின்னதாகத் தெரியும். அங்கே முதல் ஆட்டத்தின்போதே அவருக்கு 28 வயது. அந்த ஆண்டே சிறந்த புதுமுகம், 1949-இல் லீகின் சிறந்த வீரர். அவருடைய 42 என்ற சட்டை எண்ணை 1997-இல் எல்லா அணிகளிலிருந்தும் ஓய்வுபெற வைத்தார்கள். நீக்ரோ லீக்குகளின் பிட்சர் சாச்சல் பெய்ஜ் அமெரிக்கன் லீகில் முதல்முறை எறிந்தபோது வயது 42. ஆண்டு 1948, கிளீவ்லாந்து அணி, 6 வெற்றி, ஒரே தோல்வி. நாற்பத்திரண்டு வயதில் அப்படியென்றால் இருபத்தைந்தில் எப்படி எறிந்திருப்பார்!

வில்லியம்ஸ் இந்த அநியாயத்தை வாய்விட்டுச் சொன்னவர். 1966-இல் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் தன்னைக் கௌரவித்த மேடையிலேயே, வாய்ப்பு மறுக்கப்பட்டதால் மட்டுமே இங்கே இல்லாத கறுப்பின ஜாம்பவான்களின் அடையாளமாகப் பெய்ஜும் ஜாஷ் கிப்சனும் ஒருநாள் இங்கே சேர்க்கப்பட வேண்டும் என்று பேசினார். அவருடைய சொந்த அணியான ரெட் சாக்ஸ்தான் கறுப்பின வீரரை எல்லாருக்கும் கடைசியாக, 1959-இல், களமிறக்கிய அணி. பெய்ஜ் 1971-இலும் கிப்சன் 1972-இலும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார்கள். வில்லியம்ஸின் சாதனைகளில் .406-க்குச் சமமாக இந்தப் பேச்சையும் வைப்பேன். எந்த அட்டவணையிலும் அதற்கு ஒரு பத்தி கிடையாது.

விருதுகள், வாக்குகள், விலக்கப்பட்டவர்கள்

லீகின் சிறந்த வீரர் விருதான எம்விபியைப் பத்திரிகையாளர்கள் வாக்களித்துக் கொடுக்கிறார்கள். மனிதர்கள் போடும் வாக்கு என்பதை மறக்க வேண்டாம். சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ (தன் அடியால் அணிக்குக் கிடைத்த ரன்) மூன்றிலும் லீகில் முதலிடம் பிடிப்பதை டிரிபிள் கிரவுன் என்பார்கள். வில்லியம்ஸ் அதை 1942, 1947 என்று இருமுறை செய்தார். இரண்டு ஆண்டும் எம்விபி கிடைக்கவில்லை. 1947-இல் ஜோ டிமாஜியோவிடம் ஒரே ஒரு புள்ளியில் தவறியது. .406 அடித்த 1941-இலும் டிமாஜியோவுக்கே போனது. தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்து நாட்டையே பேசவைத்த ஆண்டு அது, அவருடைய யாங்கீஸ் அணியும் முதலிடம். பத்திரிகையாளர்களோடு வில்லியம்ஸுக்கு எப்போதும் மல்லுக்கட்டு என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஹால் ஆஃப் ஃபேமுக்கு விதி எளிது. குறைந்தது பத்து சீசன், ஓய்வுக்குப் பின் ஐந்து ஆண்டு காத்திருப்பு, 75 சதவீத வாக்கு, பத்து ஆண்டுக்குள் கிடைக்காவிட்டால் வாக்குச்சீட்டிலிருந்து பெயர் நீங்கும். எல்லா வாக்கும் பெற்றவர் இதுவரை ஒருவர்தான். 2019-இல் மரியானோ ரிவேரா, 425-க்கு 425. வில்லியம்ஸுக்கே 302 பேரில் 20 பேர் வாக்களிக்கவில்லை. ஆகவே 93-ஆ 98-ஆ என்ற சதவீதத்தை வைத்து யார் பெரியவர் என்று தீர்மானிக்காதீர்கள்.

பாரி பாண்ட்ஸ் ஏழு எம்விபி, ராஜர் கிளெமென்ஸ் ஏழு சை யங். ஊக்கமருந்துப் புகாரின் நிழல் இருவர் மீதும் படிந்தது. பத்து ஆண்டும் 75-ஐத் தொடாமல் 2022-இல் இருவர் பெயரும் வாக்குச்சீட்டிலிருந்து போய்விட்டன. 4,256 ஹிட் அடித்த பீட் ரோஸ் ஆட்டத்தின் மீது பந்தயம் கட்டியதற்காக 1989-இல் விலக்கப்பட்டார். அவர் இறந்த பிறகு, 2025 மே மாதம்தான் அந்தத் தடை நீங்கியது. இவர்கள் எண்கள் ஏட்டில் அப்படியே இருக்கின்றன. எண்ணை அழிக்காமல், அதன் பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் வைத்து வாசியுங்கள்.

மேனேஜரின் கணக்கு வேறு

பேஸ்பாலில் மேனேஜர் என்பவர் ஆட்டம் நடக்கும்போது முடிவெடுப்பவர். யார் எந்த வரிசையில் பேட் செய்வது, பிட்சரை எப்போது மாற்றுவது, யாருக்குப் பதில் யாரை இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. வீரர்களை வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் வேறொருவர் கையில். ஆகவே மேனேஜரின் வெற்றிக் கணக்கில் அவர் பங்கு எவ்வளவு, கையில் கிடைத்த அணியின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது பெரும்பாடு.

மொத்த வெற்றியில் முதலிடம் கானி மேக், 3,731. தோல்வியிலும் முதலிடம் அவரே, 3,948. பிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸை 1901 முதல் 1950 வரை ஐம்பது ஆண்டு நடத்தினார். அணியின் உரிமையாளர்களில் ஒருவர் என்பதால் அவரை நீக்க ஆளில்லை. இரு லீகின் பட்ட அணிகள் மோதும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை ஐந்து முறை வென்றவர், பணமுடை வந்தபோது நட்சத்திரங்களை விற்றுவிட்டு அடிமட்டத்திலும் கிடந்திருக்கிறார். 1916-இல் அவர் அணி 36 வெற்றி, 117 தோல்வி.

மேனேஜர் பக்கத்தைப் படிக்கக் கற்றுத்தருவதில் கேசி ஸ்டெங்கலுக்கு இணை இல்லை. புரூக்லின், பாஸ்டன் அணிகளில் ஒன்பது சீசன். அதில் ஒன்றில் மட்டும்தான் தோல்வியைவிட வெற்றி அதிகம், அதுவும் 77-க்கு 75. கோமாளி என்ற பெயர்தான் மிஞ்சியது. 1949-இல் யாங்கீஸ் அவரை எடுத்தது. பன்னிரண்டு ஆண்டில் பத்து லீக் பட்டம், ஏழு வேர்ல்ட் சீரிஸ், அதில் முதல் ஐந்தும் தொடர்ச்சியாக. பிறகு 1962-இல் புதிதாகப் பிறந்த மெட்ஸ் அணிக்குப் போனார். 40 வெற்றி, 120 தோல்வி. அதே மூளைதான் மூன்று இடத்திலும். அதற்காக யாங்கீஸ் வெற்றிகள் அணியின் புண்ணியத்தால் வந்தவை என்று ஒதுக்கவும் வேண்டாம். எதிரில் எறிபவர் இடக்கையா வலக்கையா என்று பார்த்து, ஒரே இடத்துக்கு இருவரை மாற்றி மாற்றி ஆடவிட்ட அவர் முறையை மற்ற அணிகளும் பின்பற்றின. நல்ல அணி கிடைத்த எல்லாரும் தொடர்ந்து ஐந்து வென்றுவிடவில்லை.

ஜோ டோரி யாங்கீஸுக்கு வருமுன் 894 வெற்றி, 1,003 தோல்வி. வந்த முதல் ஆண்டான 1996-இலேயே வேர்ல்ட் சீரிஸ், பிறகு 1998, 1999, 2000. புரூஸ் போச்சி 2025 முடிய 2,252 வெற்றி, 2,266 தோல்வி. விகிதத்தைப் பார்த்தால் பாதிக்கும் கீழே. ஆனால் நான்கு வேர்ல்ட் சீரிஸ். சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று, டெக்சஸில் ஒன்று. நேரெதிராக பாபி காக்ஸ், அட்லாண்டாவில் தொடர்ந்து பிரிவுப் பட்டங்களைக் குவித்தும் வென்ற வேர்ல்ட் சீரிஸ் ஒன்றே, 1995-இல். நீண்ட சீசனில் அணியை நிலையாக வைத்திருப்பது ஒரு திறமை. அக்டோபரின் குறுகிய தொடர்களில் பிட்சர்களைக் கையாள்வது இன்னொன்று. இரண்டையும் தனித்தனிப் பட்டியலில் பாருங்கள்.

இந்த இடத்தில் வில்லியம்ஸின் பக்கத்தில் மேனேஜர் பகுதிக்கு இறங்குங்கள். 1968-இல் 65 வெற்றியோடு கிடந்த வாஷிங்டன் செனட்டர்ஸை 1969-இல் ஏற்றுக்கொண்டு 86 வெற்றிக்குக் கொண்டுபோனார். பாராட்டு குவிந்தது. அவர் சொல்லிக்கொடுத்ததால் அந்த அணியின் பேட்டிங் தேறியது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டுதான் பிட்சர் மேட்டைத் தாழ்த்தினார்கள் என்று முன்பே பார்த்தோம். லீக் முழுவதுமே பேட்டிங் ஏறிய ஆண்டு அது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வெற்றி 70, 63, 54 என்று இறங்கியது. மொத்தம் 273 வெற்றி, 364 தோல்வி.

அடுத்து திறக்க வேண்டிய பக்கங்கள்

வில்லியம்ஸை முடித்த பிறகு ஹாங்க் ஆரோனை எடுங்கள். ஒரு சீசனில்கூட 50 ஹோம் ரன் அடிக்காதவர், அதிகபட்சம் 47. அவருடைய 3,771 ஹிட்டிலிருந்து 755 ஹோம் ரன்னையும் கழித்துப் பாருங்கள். மிச்சமே மூவாயிரத்துக்கு மேல் நிற்கும். அடுத்து சாண்டி கூஃபாக்ஸ். முதல் ஆறு ஆண்டு, கடைசி ஆறு ஆண்டு என்று பக்கத்தை இரண்டாக மடித்து வாசித்தால் இருவேறு பிட்சர்கள்போலத் தெரியும். 1962-இல் திறந்த டாட்ஜர் ஸ்டேடியம் பிட்சர்களுக்குச் சாதகம் என்பதால், அங்கேயும் வெளியூரிலும் எப்படி எறிந்தார் என்ற பிரிவையும் பார்த்துவிடுங்கள். மேனேஜராகவும் வீரராகவும் ஒரே ஆளைப் பார்க்க இன்னொருவர் வேண்டுமென்றால் ஃபிராங்க் ராபின்சன். இரண்டு லீகிலும் எம்விபி வாங்கியவர், 1975-இல் கிளீவ்லாந்தில் மேஜர் லீகின் முதல் கறுப்பின மேனேஜர் ஆனவர். ரிக்கி ஹெண்டர்சனை வாசிக்கும்போது .279 சராசரியில் நின்றுவிடாமல் .401 ஆன்-பேஸ், 1,406 திருடிய பேஸ், 2,295 ரன் என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இவ்வளவும் பழகிய பின் சடஹாரு ஓவின் பக்கத்துக்குப் போகலாம். அவர் காலத்து ஜப்பானிய சீசனில் ஆட்டங்கள் அமெரிக்காவைவிடக் குறைவு. ஆகவே 868-க்கு முன்னால், ஆண்டுவாரியாக எத்தனை ஆட்டம் என்ற பத்தியிலிருந்து தொடங்குங்கள்.